பாட்டுப் பெட்டி பாட மறுக்கிறதா?
அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்!

2008-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி.

விடிந்தால் புத்தாண்டு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் சட்டைப்பையில் இருந்த பாட்டுப் பெட்டியை எடுத்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள்.

பாட்டு வரவில்லை!

பெட்டியின் கண்ணாடியில் அதன் சின்னம் மட்டும் தெரிந்தது. அதுவும் அசையாமல் அப்படியே நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தியும் பலன் இல்லை.

அந்தப் பெட்டியின் பெயர் 'சூன்'. மைக்ரோசாப்ட் கம்பெனி 2006-ம் ஆண்டில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் 30 ஜிகாபைட் கொள்ளளவு கொண்ட பெட்டிகள்தான் ஒரே நாளில் இப்படி ஊமையாகிவிட்டன.

என்ன காரணம்?

2008 'லீப்' ஆண்டு. அந்த ஆண்டுக்கு 366 நாட்கள். பெட்டிக்குள்ளே நாள் கணக்குப் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் ஒரு சிறு பிழை இருந்தது. 366-வது நாள் வந்ததும், கணக்கை எப்படி முடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை. செக்கு மாடு போல ஒரே கணக்கைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே இருந்தது. அதனால் பெட்டிக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை!

இதற்குக் கம்பெனி சொன்ன வைத்தியம் மிகவும் எளிது. பாட்டரியில் உள்ள மின்சாரம் முழுவதும் தீரும்வரை பெட்டியை விட்டுவிட வேண்டும். ஜனவரி 1-ந் தேதி, கிரீன்விச் நேரப்படி பகல் 12 மணிக்குப் பிறகு மறுபடியும் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அப்படிச் செய்ததும் பெட்டிகள் பழையபடி பாடின.

இதில் இருந்து தெரிவது என்ன? பாட்டு வரவில்லை என்றால், பாட்டு அழிந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. கோளாறு வேறு எங்காவது இருக்கலாம். அது எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் அழிக்கக் கூடாது.

வீட்டுக்கு வீடு இதே தொல்லை

இன்று பாட்டுக் கேட்கப் பல வழிகள் வந்துவிட்டன. செல்போனில் கேட்கலாம். காரில் கேட்கலாம். மெமரி கார்டு போட்டால் பாடும் சிறிய பெட்டிகளும் இருக்கின்றன. சமையல் அறையிலும், தையல் கடையிலும், டீக்கடையிலும் அவை பாடிக்கொண்டிருக்கின்றன.

நேற்றுவரை பாடிய பெட்டி இன்று திடீர் என்று மறுக்கும். "இந்தப் பைலைப் பாட முடியாது" என்று எழுத்துக் காட்டும். சில பெட்டிகள் அதுகூடச் சொல்லாது. ஒரு பாட்டை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

உடனே வீட்டில் யாராவது ஒரு யோசனை சொல்வார்கள். "கார்டை பார்மட் செய்துவிடு. எல்லாம் சரியாகிவிடும்!"

'பார்மட்' என்றால் கார்டைத் துடைத்துப் புதிதாக்குவது. சினிமாப் பாட்டு மட்டும் இருந்தால் போகட்டும் என்று விடலாம். மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே கார்டில், மறைந்துபோன பாட்டியின் தாலாட்டு இருந்தால்? அப்பா கடைசியாகப் பேசிய பேச்சு இருந்தால்? அது எந்தக் கடையிலும் கிடைக்காது!

ஆகவே, பாட்டு எப்படிப் பெட்டிக்குள் போகிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை எல்லோரும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

பாட்டு எண்களாகிறது

இந்தப் பெட்டிகளுக்குள் இசைத்தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. இருப்பவை வெறும் எண்கள்!

சி.டி. தட்டில் பாட்டைப் பதியும்போது, ஒரு வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறார்கள். ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாகக் குறிக்கிறார்கள். இப்படிக் குறித்தால், 4 நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் வேண்டும்.

1998-ம் ஆண்டில் தென்கொரியாவில் 'எம்.பி.மேன்' என்ற பாட்டுப் பெட்டி வெளிவந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் இந்த வகைப் பெட்டிகளில் இதுதான் முன்னோடி. அதில் இருந்த இடம் 32 மெகாபைட். அப்படியானால் ஒரு பாட்டுகூட முழுதாக அடங்காதே!

அங்கேதான் 'எம்.பி.3' என்ற முறை கைகொடுத்தது.

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள பிரான்ஹோபர் ஆராய்ச்சிக் கழகத்தில், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் பாடுபட்டு இந்த முறையை வளர்த்தார்கள். பைலின் பெயருக்குப் பின்னால் 'எம்.பி.3' என்று போடுவது என, 1995-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி அங்கே முடிவு செய்தார்கள்.

அந்த முறையின் ரகசியம் நம் காதிலேயே இருக்கிறது.

கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்குகிறது. அப்போது பக்கத்தில் இருப்பவர் மெல்ல ஏதோ சொல்கிறார். அது நம் காதில் விழுமா? விழாது. பெரிய ஒலி, சிறிய ஒலியை மூடிவிடுகிறது. இப்படிக் காதில் விழாத ஒலிகளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் குறித்தால் இடம் மிச்சம் அல்லவா?

அப்படிச் செய்ததால் 42 மெகாபைட் பாட்டு 4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. 32 மெகாபைட் பெட்டியில் 8 பாட்டுகள் வைக்க முடிந்தது!

பூமாலை போல

எம்.பி.3 பாட்டு ஒரே கட்டையாக இருப்பது இல்லை. பூமாலை போலச் சிறு சிறு துண்டுகளாகக் கோக்கப்பட்டு இருக்கிறது. ஒரு துண்டு, ஒரு வினாடியில் 38-ல் ஒரு பங்கு நேரம்தான் ஒலிக்கும். 4 நிமிடப் பாட்டில் இப்படி 9 ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் உண்டு.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஓர் அடையாளம் இருக்கிறது. பெட்டி அந்த அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடிக்கொண்டே போகிறது.

நடுவில் இரண்டு துண்டுகள் கெட்டுப்போனால் என்ன ஆகும்? பெட்டி அடுத்த அடையாளத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மறுபடியும் பாடும். நமக்கு 'டிக்' என்று ஒரு சத்தமோ, ஒரு சின்னத் தாவலோ கேட்கும். மாலையில் இரண்டு பூக்கள் வாடினால் மாலையே உதிர்ந்துவிடுவது இல்லை அல்லவா?

மூன்று பேர் மீது சந்தேகம்

பாட்டு வராவிட்டால் மூன்று பேரைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, பெட்டி. இரண்டு, கார்டு. மூன்று, பாட்டுப் பைல்.

இவர்களில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும்.

முதல் சோதனை: பாடாத பாட்டைக் கம்ப்யூட்டரிலோ, வேறொரு போனிலோ போட்டுப் பாருங்கள். அங்கே பாடினால் பைல் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது சோதனை: நன்றாகப் பாடும் என்று தெரிந்த வேறொரு கார்டை இந்தப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். பாடினால் பெட்டி நன்றாக இருக்கிறது. பாடாவிட்டால் பெட்டியில்தான் கோளாறு.

எங்கே போட்டாலும் ஒரே ஒரு பாட்டு மட்டும் மறுத்தால், அந்தப் பைல் கெட்டிருக்கிறது. எங்கே போட்டாலும் அந்தக் கார்டில் உள்ள எல்லாப் பாட்டும் மறுத்தால், கார்டில் கோளாறு.

கார்டைக் கழற்றி மாட்டும்போது அதன் பித்தளை நிறப் பட்டைகளையும் பாருங்கள். அழுக்கு இருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பல நேரங்களில் வைத்தியம் இதோடு முடிந்துவிடும்!

பெட்டிக்குத் தெரியாத பாஷை

பாட்டை எண்களாக்கும் முறை ஒன்றல்ல, பல. எம்.பி.3 ஒன்று. ஏ.ஏ.சி. ஒன்று. 'பிளாக்' ஒன்று. 'ஓபஸ்' ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு பாஷை மாதிரி. விலை குறைந்த பெட்டிகளுக்கு இரண்டு மூன்று பாஷைகள்தான் தெரியும்.

வளைகுடா நாட்டில் இருக்கும் மகன், வாட்ஸ்-அப்பில் அம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் அது நன்றாகப் பேசுகிறது. அதையே கார்டில் ஏற்றிச் சிறிய பெட்டியில் போட்டால் மௌனம்! ஏன்? வாட்ஸ்-அப் குரல் செய்தி பெரும்பாலும் 'ஓபஸ்' முறையில் இருக்கும். பெட்டிக்கு அந்தப் பாஷை தெரியாது. மகனுடைய குரலுக்கு ஒரு சேதமும் இல்லை.

இதற்கு என்ன செய்வது? கம்ப்யூட்டரில் அதை எம்.பி.3 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு இலவசமான மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகும் பழைய பைலை அழிக்காமல் வைத்திருங்கள். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஒலியின் தரம் கொஞ்சம் குறையும். மூலம் கையில் இருந்தால் கவலை இல்லை.

சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள். பைலின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் 'எம்.பி.3' என்று மாற்றி எழுதுவார்கள். இதனால் பயன் இல்லை. உப்பு டப்பாவில் 'சர்க்கரை' என்று சீட்டு ஒட்டினால் உப்பு இனிக்குமா?

பூட்டுப் போட்ட பாட்டு

காசு கொடுத்து வாங்கிய பாட்டும் சில சமயம் பாடாது. அதற்கு ஒரு கதை உண்டு.

2003-ம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் இன்டர்நெட் மூலம் பாட்டு விற்கத் தொடங்கியது. அந்தப் பாட்டுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டு இருந்தது. வாங்கியவருடைய கம்ப்யூட்டரிலும், அந்தக் கம்பெனியின் 'ஐபாட்' பெட்டியிலும்தான் பாடும். வேறு கம்பெனிப் பெட்டியில் போட்டால் பாடாது. 2009-ம் ஆண்டில் பாட்டுகளுக்கு அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு வாங்கி வைத்த பாட்டுகள் சிலரிடம் இன்னும் பூட்டோடு இருக்கலாம்.

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுகளுக்கு இன்றும் பூட்டு உண்டு. அவற்றைக் கார்டில் ஏற்றி வேறு பெட்டியில் பாட வைக்க முடியாது. இதில் பெட்டியின் மீது குற்றம் இல்லை.

தமிழுக்குப் பதில் கட்டம்

பாட்டின் பெயரும், பாடியவர் பெயரும், படமும் பைலுக்குள்ளேயே ஒரு சீட்டாக வைக்கப்பட்டிருக்கும். சில பெட்டிகளில் தமிழ்ப் பெயர் தெரியாது. வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். பெட்டிக்குள் தமிழ் எழுத்து இல்லை, அவ்வளவுதான். பாட்டு பாடும்.

சீட்டில் வைத்திருக்கும் படம் மிகப் பெரிதாக இருந்தால், சின்னப் பெட்டிகள் திணறுவது உண்டு. படத்தை எடுத்துவிட்டாலோ, சிறிதாக்கினாலோ சரியாகிவிடும்.

ஏமாற்றுக் கார்டு!

இனி, கார்டைப் பார்ப்போம்.

சந்தையில் போலிக் கார்டுகள் நடமாடுகின்றன. மேலே '128 ஜிகாபைட்' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது 8 ஜிகாபைட்டாக இருக்கும்! கம்ப்யூட்டரில் போட்டாலும் 128 என்றே காட்டும்படி செய்திருப்பார்கள்.

பாட்டுகளை ஏற்றும்போது எல்லாம் ஏறுவது போலத் தெரியும். பெயர்களும் வரிசையாகத் தெரியும். ஆனால் முதலில் ஏற்றியவை பாடும். பின்னால் ஏற்றியவை பாடாது. அளவுக்கு மிஞ்சி ஏற்றியதற்கு உள்ளே இடமே இல்லை!

ஆகவே, புதுக் கார்டு வாங்கினால் முழுவதும் நிரப்புங்கள். கழற்றி மறுபடியும் மாட்டுங்கள். முதலில் ஏற்றிய பாட்டையும், நடுவில் ஏற்றியதையும், கடைசியில் ஏற்றியதையும் போட்டுப் பாருங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நல்ல கார்டும் சில பழைய பெட்டிகளில் வேலை செய்யாது. 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகள் வேறு விதமான அட்டவணை முறையோடு கடைக்கு வருகின்றன. அந்த முறை பழைய பெட்டிகளுக்குப் புரியாது. இப்படிப்பட்ட பெட்டிக்கு 32 ஜிகாபைட்டோ அதற்குக் குறைந்த கார்டோ வாங்கினால் தொல்லை இல்லை.

அட்டவணை கிழிந்தால்...

கார்டின் முன்பகுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தப் பாட்டு எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். நூலகத்தில் புத்தகப் பட்டியல் இருக்கிறதே, அதைப் போல.

பாட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று கார்டைப் பிடுங்கினால், அந்த அட்டவணை அரைகுறையாகிவிடும். 'ஏற்றி முடிந்தது' என்று கம்ப்யூட்டர் சொன்ன பிறகும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சில சமயம் கம்ப்யூட்டர் கடைசிப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தாமதித்துத்தான் கார்டில் எழுதும். ஆகவே, கார்டைக் கழற்றப் போவதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு, அது சம்மதம் தந்த பிறகு கழற்றுங்கள்.

அட்டவணை கெட்டால் பெட்டி என்ன சொல்லும்? "பாட்டே இல்லை" என்று சொல்லும். அல்லது, "கார்டை பார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும்.

அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்துங்கள்!

நூலகத்தில் பட்டியல் தொலைந்தால் புத்தகங்கள் தொலைந்தா போகும்? அலமாரியில்தான் இருக்கும். அதுபோல, பாட்டுகளும் குரல்களும் பெரும்பாலும் கார்டில் அப்படியே இருக்கும்.

தெரியாமல் அழித்துவிட்ட பைலும் உடனே மறைந்துவிடுவது இல்லை. அதன் பெயரை அட்டவணையில் அடித்துவிட்டு, 'இந்த இடம் காலி' என்று குறித்திருக்கும். அந்த இடத்தில் வேறு ஒன்றை எழுதாதவரை பழைய ஒலி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கார்டில் புதிதாக ஒரு பாட்டு ஏற்றினால் போச்சு! பாட்டியின் குரல் இருந்த இடத்தில் புதுப் பாட்டு உட்கார்ந்துவிடும்.

ஆகவே, கார்டை உடனே கழற்றித் தனியாக வையுங்கள். அதில் ஒன்றும் எழுதாதீர்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் கொடுத்து, முதலில் கார்டு முழுவதையும் அப்படியே நகல் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நகலில் இருந்து இழந்ததை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு பார்மட் செய்துகொள்ளலாம்.

பாதியில் நின்ற பதிவு

செல்போனில் ஒருவர் பேச்சைப் பதிவு செய்கிறோம். நடுவில் பாட்டரி தீர்ந்து போன் அணைந்துவிடுகிறது. பிறகு பார்த்தால் பைல் இருக்கிறது. ஆனால் பேசவில்லை!

போன்களில் பெரும்பாலும் 'எம்.4ஏ.' என்ற வகையில் பதிவாகிறது. இந்த வகைப் பைலுக்கு, புத்தகத்தில் இருப்பது போல ஒரு பொருளடக்கம் உண்டு. பேச்சு முழுவதும் பதிவான பிறகு, கடைசியாகத்தான் பல போன்கள் அந்தப் பொருளடக்கத்தை எழுதுகின்றன. அதற்குள் போன் அணைந்துவிட்டால், பேச்சு உள்ளே இருக்கும். பொருளடக்கம் இருக்காது. எங்கே தொடங்குவது என்று பெட்டிக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட பைலையும் அழித்துவிடாதீர்கள். அதன் பைட் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்று இல்லாமல் நல்ல அளவு காட்டினால், உள்ளே பேச்சு இருக்க வாய்ப்பு உண்டு. அதே போனில் எடுத்த வேறொரு நல்ல பதிவை மாதிரியாக வைத்துக்கொண்டு, விட்டுப்போன பொருளடக்கத்தை எழுதிச் சேர்க்கும் முறைகள் இருக்கின்றன.

முக்கியமான பேச்சைப் பதியும்போது, முதலில் பாட்டரியைப் பாருங்கள். ஒரு மணி நேரப் பேச்சை ஒரே பைலாகப் பதியாமல், 10 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். ஒன்று போனாலும் மற்றவை நிற்கும்.

ஒன்றுக்கு இரண்டாக

கார்டும் சாசுவதம் அல்ல. அதற்குள்ளே மின்னூட்டமாகத்தான் எண்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பல ஆண்டுகள் பெட்டியிலேயே போட்டு வைத்தால் அது மெல்ல மெல்லக் கசிந்துவிடும். எழுதி எழுதி அழித்தாலும் கார்டு தேய்ந்துபோகும்.

ஆகவே, திரும்பப் பெற முடியாத குரல்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கட்டும். மற்றொன்று வேறொரு கார்டிலோ, வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, இரண்டையும் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நினைவில் வைக்க 6 விதிகள்

1. பாட்டு வராவிட்டால் முதலில் பெட்டியை அணைத்துத் திறவுங்கள். சார்ஜ் இருக்கிறதா, இயர்போன் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. பாட்டை வேறு பெட்டியில் போட்டுப் பாருங்கள். வேறு கார்டை இந்தப் பெட்டியில் போட்டுப் பாருங்கள்.

3. ஒரு பாட்டு மட்டும் மறுத்தால், அது எந்த வகைப் பைல் என்று பாருங்கள். எம்.பி.3 ஆக மாற்றுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள்.

4. பாதியில் நிற்கும் பாட்டை, மூலத்தில் இருந்து மறுபடியும் ஏற்றுங்கள்.

5. கம்ப்யூட்டர் சம்மதம் தராமல் கார்டைக் கழற்றாதீர்கள்.

6. "பார்மட் செய்யட்டுமா?" என்று பெட்டி கேட்டால், நகல் எடுக்கும்வரை சம்மதிக்காதீர்கள்.

இந்த ஆறில் ஐந்தை மறந்தாலும் பாதகம் இல்லை. பாட்டு கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

ஆறாவதை மட்டும் மறக்காதீர்கள். வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்!